பெண் வீட்டுப் பக்கம்

முருகன் துணை

சிங்கப்பூர்
2-4-1967

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஈப்போவில் நீயும் மச்சானும் சுகந்தானா? மச்சானின் முழங்கால் வலி இப்போது எப்படி?

பங்குனி உத்திரத்தில் வள்ளி கல்யாணத்துக்கு நீ வருவாய் என்று ரயிலடியில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஏன் வரவில்லை? உன் இடத்தில் அழகப்பன் அண்ணன் சம்சாரம் தங்கம் அண்ணிதான் விளக்குப் பிடித்தார்கள். தாலி கட்டுகிற நேரம் பார்த்து விளக்கு அணைந்துவிட்டது. “முருகனுக்கு அக்கான்னா அது நம்ம பூவம்மாதான். மத்தவங்க கையில விளக்கு நிக்க மாட்டேங்குது” என்று ஆளாளுக்குப் பேசினார்கள். தங்கம் அண்ணி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இந்த வருஷம் புதுக் குருக்கள். பாலத்தில் நடந்த சண்டையைப் பார்த்து மனிதர் மிரண்டுவிட்டார். நான்தான் ஓரமாக அழைத்துப் போய் விளக்கினேன். “பயப்படாதீங்க சாமி. இந்த லோங்காங் சாக்கடைக்கு வடக்கே நாங்க கரண்ட் ஆபீஸ் ஆளுங்க, மாப்பிள்ளை வீடு. முருகன் எங்க குவார்ட்டர்ஸ் லயன்ல இருக்காரு. தெக்கே தோட்ட இலாகா ஆளுங்க, பொண்ணு வீடு. வள்ளி வருஷம் பூரா அவங்க லயன்ல. உத்திரத்தன்னிக்கு வள்ளியையும் சீர்த்தட்டையும் எடுத்துக்கிட்டுப் பாலத்துக்கு வருவாங்க. நாங்க அது குறை, இது குறைன்னு மறிப்போம். மாப்பிள்ளையோட அக்கா வெளக்கோட வந்து ‘குறை ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னாத்தான் வழி விடுவோம். மறுவீடு முடிஞ்சதும் வள்ளி பொறந்த வீட்டுக்கே போயிடும்.” அவர் தலையை ஆட்டினார். புரிந்ததா என்று முருகனுக்குத்தான் தெரியும்.

முத்துசாமி மாமாவுக்கு இருமல். அவருக்குப் பதிலாகப் பெண் வீட்டுப் பக்கம் பேச வந்தது அவர் மகள் சிவகாமசுந்தரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறாளே, அவள்தான். நான் வழக்கப்படி, “யானை எங்கே? யானை இல்லாம எங்க மாப்பிள்ளை தாலி கட்ட மாட்டாரு” என்றேன். “யானை வேணும்னா உங்க வீட்டு மூத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கங்க லா. எங்க வீட்ல தேனும் தினைமாவுந்தான்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நம் லயன் ஆட்களே சிரித்துவிட்டார்கள். என்ன வாய் அக்கா அவளுக்கு! மாமா எவ்வளவு சாது! மறுவீட்டிலும் எனக்குப் பாயசம் ஊற்றும்போது, “யானைப் பசியா, சாதாரணப் பசியா?” என்றாள்.

இன்னும் இரண்டு செய்தி. ஒன்று, என்னைக் கமிட்டிக்குச் செயலாளராக்கிவிட்டார்கள். இன்னொன்று, தெற்கு லயனை இடிக்கப் போகிறார்களாம். எல்லோருக்கும் தோபாயோவில் அடுக்குமாடி வீடு. பெண் வீடே போய்விட்டால் அடுத்த வருஷம் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று இப்போதே பேச்சாக இருக்கிறது.

மச்சானுக்கு என் வணக்கம். பதில் போடு.

உன் தம்பி,
தங்கராஜு

&nbsp;

ஈப்போ
30-4-1967

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். மச்சானின் முழங்கால், மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன்.

மச்சானுக்கு ரயில்வேயில் லீவு கொடுக்கவில்லை. அதனால்தான் வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை. விளக்கு அணைந்ததற்குத் தங்கம் அண்ணியை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல். அங்கே காற்று அதிகம், கையால் மறைத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ செயலாளர் ஆனதில் சந்தோஷம். ஆனால் உன் கடிதத்தைப் படித்தால் திருவிழா முருகனுக்கு நடந்ததா, முத்துசாமி மாமா மகளின் வாய்க்கு நடந்ததா என்று தெரியவில்லை. அபிஷேகம் எப்படி இருந்தது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மச்சானிடம் படித்துக் காட்டினேன். பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

தெற்கு லயன் போகிறது என்று படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. என்ன முடிவு செய்கிறீர்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
பூவம்மா

&nbsp;

சிங்கப்பூர்
18-6-1967

அக்கா,

நலம். நலம் அறிய ஆவல். நீ நினைக்கிறமாதிரி ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன், அவ்வளவுதான். அபிஷேகம் நன்றாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயனும் சேர்ந்து மரத்தடியில் கூட்டம் போட்டோம். அழகப்பன் அண்ணன்தான் முதலில் பேசினார். “லயனையே இடிச்ச பிறகு பொண்ணு வீடுன்னு ஒண்ணு எங்கய்யா இருக்கு? வள்ளியை நம்ம பக்கமே நிரந்தரமா வெச்சிடுவோம். முருகனுக்குப் பக்கத்துல ஒரு மாடம். உத்திரத்தன்னிக்கு ஒரு அபிஷேகம், ஒரு அன்னதானம். பாலமும் வேணாம், சண்டையும் வேணாம்.”

தெற்குப் பக்கத்து ஆட்கள் தலைகுனிந்துகொண்டார்கள். வீடு மாறுகிற கவலை அவர்களுக்கு. சுந்தரி மட்டும் எழுந்தாள். “கல்யாணத்துக்கு முந்தியே பொண்ணை மாப்பிள்ளை வீட்ல குடிவெக்கிற வழக்கம் எங்கண்ணே இருக்கு? வள்ளி வருஷா வருஷம் பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாத்தானே வருஷா வருஷம் கல்யாணம்? அங்கேயே வெச்சிட்டீங்கன்னா அப்புறம் என்ன திருவிழா?”

“அப்ப எங்கம்மா வெக்கிறது?”

“எங்க ஃபிளாட்லதான். எங்கப்பாவும் நானும் பாத்துக்குவோம்.”

“மாடியிலயா? சாமி லிஃப்டுல போயி வருமா?” என்று யாரோ கேட்க, சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “செக்ரட்டரி என்ன சொல்றீங்க?” என்றாள்.

நான், “பெரியவங்க பாத்து முடிவு பண்ணட்டும்” என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து பாலத்தில் எதிரே வந்தால் என்னைப் பார்க்காமல் போகிறாள். போகட்டும், எனக்கென்ன?

தங்கராஜு

&nbsp;

ஈப்போ
9-7-1967

தம்பி,

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கையெழுத்து ஒருமாதிரி இருந்தது, அதனால் கேட்கிறேன்.

உனக்கென்ன என்றா எழுதுகிறாய்? உனக்குத்தான் எல்லாம். கேள்வியை அவள் கேட்டது உன்னிடம். நீ அதைப் பெரியவர்கள் மடியில் தூக்கிப் போட்டாய். அழகப்பன் அண்ணன் நல்லவர், ஆனால் வேலை குறைந்தால் சரி என்று நினைக்கிறவர். அந்தப் பாலத்தில் விளக்கோடு நிற்கிறபோது என் மனசில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எதிரே தட்டுத் தட்டாகச் சனம் வரும். எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். ‘குறை ஒண்ணும் இல்ல’ என்று சொன்னதும் எழும் கூச்சலில் எனக்கு ஒவ்வொரு வருஷமும் கண் கலங்கும். அதை நிறுத்திவிட்டுச் சோறு மட்டும் போடுவதா?

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பேசு. சுந்தரி சொன்னதுதான் சரி என்று உனக்குத் தோன்றினால் அதைச் சொல். தோன்றுகிறதா, இல்லையா?

பூவம்மா

&nbsp;

சிங்கப்பூர்
24-9-1967

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். உன் உடம்பும் மச்சான் உடம்பும் தேவலைதானே?

பேசினேன் அக்கா. சுந்தரி சொன்னதுதான் சரி என்று எழுந்து நின்றே சொன்னேன். ஒரு வருஷம் வள்ளி தோபாயோவில் இருக்கட்டும், உத்திரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். நடக்காவிட்டால் அழகப்பன் அண்ணன் சொன்னபடிதான். அவருக்கு என்மேல் வருத்தம். “வடக்கே சோறு, தெக்கே பேச்சா?” என்றார்.

போன வாரம் குடி மாறினார்கள். யாக்கூப் பாய் தன் காய்கறி லாரியைக் கழுவி, பூக்கட்டி எடுத்து வந்தார். வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு சுந்தரி முன்னால் உட்கார்ந்தாள். பாய், “என் லாரியில கல்யாணப் பொண்ணு வர்றது இதான் மொத தடவை” என்று குழியில்லாத பாதையாகப் பார்த்து ஓட்டினார். அங்கே லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒரு மாடி மேலே போய் இறங்கி, படியில் கீழே வர வேண்டும். வள்ளியை அங்கே நான் தூக்கிக்கொண்டேன். ஒரு குழந்தை கனம்தான். எதிர்வீட்டுச் சீனக் கிழவி ஊதுபத்தி கொண்டுவந்து கொளுத்திவிட்டுப் போனாள்.

ஹாலில் மாடம் அடித்து, வள்ளிக்கு ஒரு சின்னச் சிவப்பு பல்பு போட்டுக் கொடுத்தேன். அது ஒழுங்காக எரிகிறதா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். முத்துசாமி மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை. புது இடம் வேறு, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். நான் போனால் கொஞ்சம் பேசுவார்.

தெற்கு லயனை இடித்துவிட்டார்கள். பாலம் மட்டும் நிற்கிறது.

உன் தம்பி,
தங்கராஜு

&nbsp;

ஈப்போ
27-10-1967

என் அருமைத் தம்பிக்கு,

தீபாவளிக்கு நீயும் நம் லயன் ஆட்களும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துச் சுகமாக இருக்க வேண்டும். முறுக்கு அனுப்பியிருக்கிறேன். பாதியைத் தோபாயோவுக்குக் கொண்டுபோ.

மச்சான் ஒன்று கேட்கச் சொன்னார். கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கிற ஒயர்மேன் தன் கையால் போட்ட பல்பு வாராவாரம் கோளாறு ஆகுமா? அப்படியென்றால் சிங்கப்பூர் முழுக்க இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்?

சரி, கேலி போதும். அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் இதை அவர்கள் கேட்டிருப்பார்கள். இப்போது நான்தான் கேட்க வேண்டும். நான் முத்துசாமி மாமாவுக்கு எழுதட்டுமா? ஒரு வரி பதில் போதும்.

அக்கா

&nbsp;

சிங்கப்பூர்
16-1-1968

அக்காவுக்கும் மச்சானுக்கும் பொங்கல் வாழ்த்துகள். நான் நலம். முறுக்கு கிடைத்தது.

மாமாவுக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் பார்க்கிறேன்.

உத்திரத்துக்காவது வருவாயா?

தங்கராஜு

&nbsp;

தோபாயோ, சிங்கப்பூர்
28-1-1968

மரியாதைக்குரிய பூவம்மா அக்காவுக்கு,

முத்துசாமி மகள் சுந்தரி வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா பரவாயில்லை. ராத்திரியில்தான் இருமல். இந்தக் கடிதம் எழுதியது உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

தீபாவளி கழித்து அழகப்பன் அண்ணன் உங்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்கள் தம்பிக்கு என்னைக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. “பொண்ணு வடக்கே வரும்போது வள்ளியையும் கையோட கூட்டிட்டு வந்துடட்டும். ஒரே வேலையா முடிஞ்சிடும்” என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க” என்றார். எனக்காகத்தான் சொன்னார். நான் போய்விட்டால் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. வள்ளியும் போய்விட்டால் பேசக்கூட ஆள் கிடையாது. வருஷா வருஷம் வள்ளிக்குத் தகப்பனாகப் பாலத்தில் நின்றவர் அக்கா.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்கள் தம்பி விரித்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். அப்பாவுடைய செருப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

எனக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

இன்னொன்று. நீங்கள் போன வருஷம் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தின வருஷம் மறுவீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து உங்கள் மடியில் பழத்தைக் கொட்டி, “அடுத்த வருஷம் பிள்ளையோட வரணும்” என்று சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை பிறக்கிற ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறேன் அக்கா. அந்த முகம் எனக்குத் தெரியும். இந்த வருஷம் பழத்தட்டு என் கையில் இருக்கும். யாரையும் உங்கள் பக்கம் விடமாட்டேன். நீங்கள் விளக்குப் பிடிக்க வாருங்கள். நீங்கள் வராவிட்டால் பாலத்தில் எங்களுக்கு வழிவிட மனசுள்ள ஆள் யாரும் இல்லை.

என்றும் அன்புடன்,
சிவகாமசுந்தரி

&nbsp;

ஈப்போ
11-2-1968

தம்பி தங்கராஜுவுக்கு,

ஓவர்டைம் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே இருவரும் சுகம்.

எனக்கு யாரும் எதுவும் எழுதவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருந்தபோது வள்ளி கல்யாணத்தைப் பற்றி யோசித்தேன். நாம் வருஷா வருஷம் பாலத்தில் நின்று யானை எங்கே, குதிரை எங்கே என்று அதட்டுகிறோம். ஆனால் முருகன் என்ன செய்தார்? மலையில் உட்கார்ந்துகொண்டு வள்ளியை அனுப்பிவை என்று ஆள் விட்டாரா? தினைப்புனத்துக்கு அவரே நடந்து போனார். வேடனாக நின்றார், மரமாக நின்றார், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்றார். பெண் வீட்டுப் பக்கம் போனதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? சாமியாகத்தானே இருக்கிறார்?

இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

காலில் போட்டிருக்கிற செருப்பு உன்னுடையதுதானா என்று ஒருமுறை பார்.

உத்திரத்துக்கு வருகிறேன். ஜொகூர் எல்லைப் பாலத்தில் இப்போது பயணக் காகிதம் கேட்கிறார்களாம், மச்சான் ஏற்பாடு செய்கிறார். அவருக்கு இந்த முறை நிஜமாகவே லீவு இல்லை.

அக்கா

&nbsp;

சிங்கப்பூர்
20-3-1968

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சுகமாக வந்து சேர்.

உத்திரம் வேலை நாளில் வருகிறது. தோபாயோ ஆட்களுக்கு லீவு கிடைக்காது. அதனால் அடுத்து வரும் புனித வெள்ளி விடுமுறையில் கல்யாணம் என்று கமிட்டியில் முடிவு செய்தோம். குருக்கள் ஒத்துக்கொண்டார். அழகப்பன் அண்ணன், “நட்சத்திரத்துக்கும் லீவா?” என்றார். பிறகு அவரும் ஒத்துக்கொண்டார். யாக்கூப் பாய் லாரி தருகிறார்.

நான் செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். காரணம் நேரில்.

விளக்கைத் தேய்த்து உன் அறையில் வைத்திருக்கிறேன். ரயிலடிக்கு நான் வர முடியாது, தங்கம் அண்ணி வருவார்கள். கோபித்துக்கொள்ளாதே.

மச்சானுக்கு வணக்கம்.

தங்கராஜு

&nbsp;

சிங்கப்பூர்
13-4-1968

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். தைலத்தைச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன், ராத்திரி தேய்த்துக்கொள்ளுங்கள். நேற்றுக் கல்யாணம் முடிந்தது. உங்களிடம் நேரில் சொல்லும்வரை பொறுக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் வந்ததிலிருந்து தம்பியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒருவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. தங்கம் அண்ணி, “எனக்குத் தெரியாதும்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கவலையோடுதான் விளக்கை ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

தெற்கே லயன் இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது அத்தான். யாக்கூப் பாயின் லாரி அந்த மண்ணில் வந்து நின்றது. சனம் நிறைய வராது என்று வடக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் வந்தது. தோபாயோ ஆட்கள் எல்லோரும் இறங்கினார்கள். கூடவே எதிர்வீட்டுச் சீனக் கிழவியும் பேரனோடு இறங்கினாள். முத்துசாமி மாமா புது வேட்டி கட்டி வள்ளியை ஏந்தி வந்தார். பக்கத்தில் சுந்தரி. அவளுக்குப் பக்கத்தில், தேனும் தினைமாவும் வைத்த முதல் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நம் தங்கராஜு.

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அழகப்பன் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“டேய், உனக்கு அந்தப் பக்கம் என்னடா வேலை?”

“நான் இப்ப பொண்ணு வீடுண்ணே” என்றான் தம்பி. எல்லோருக்கும் கேட்டது. “தோபாயோவுக்குக் குடி போறேன். வைகாசியில கல்யாணம். மாமாவை விட்டுட்டு சுந்தரி வரமாட்டா, வள்ளியும் வரமாட்டா. அதான் நான் போறேன்.”

“வீட்டோட மாப்பிள்ளையா?” என்று நம் பக்கத்தில் ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். அத்தான், அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. தம்பி தலையில் தட்டோடு அசையாமல் நின்றான். தேன் வழிந்து அவன் காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. சுந்தரி தரையைப் பார்த்தாள். அழகப்பன் அண்ணன் திரும்பி, “பூவம்மா, நீதான் சொல்லணும். இந்தச் சீரை ஏத்துக்கறதா, வேணாமா?” என்றார்.

அவர் கேட்டது சீரைப் பற்றி மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்கு மனப்பாடம். ஆனால் நேற்று, என் கூடப்பிறந்தவன் எதிர்ப்பக்கம் நிற்கிறான், நான் மாப்பிள்ளை வீட்டில் தனியாக நிற்கிறேன் என்று ஒரு நிமிஷம் அழுகை வந்தது. பிறகு அவன் காலைப் பார்த்தேன். மாமாவுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனுடைய செருப்பைத்தான் போட்டிருந்தான். சிரிப்பு வந்துவிட்டது.

“தேன் இருக்கு, தினை இருக்கு. கேக்காமலே எங்க வீட்டுப் பிள்ளையையும் சீரோட கொண்டு வந்திருக்காங்க” என்றேன். “குறை ஒண்ணும் இல்ல. வாங்க.”

அப்போது எழுந்த கூச்சல் ஈப்போவரை கேட்டிருக்கும். அழகப்பன் அண்ணன் கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பி தலையிலிருந்து தட்டை அவரே இறக்கி வாங்கினார். “யானையைக் கொண்டு வராட்டியும் கழுதையைக் கொண்டு வந்துட்டீங்க” என்று முணுமுணுத்துவிட்டு, துண்டால் அவன் காதைத் துடைத்துவிட்டார்.

தாலி கட்டும்போது நல்ல காற்று. விளக்கு அணையவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி கூடியது. வள்ளி தோபாயோவிலேயே இருப்பாள் என்று அழகப்பன் அண்ணனே எழுந்து சொன்னார். “நம்ம லயனுக்கும் ஒரு நாள் நோட்டீஸ் வரும். அன்னிக்கு முருகனும் எந்த மாடிக்குப் போவாரோ தெரியாது. எங்க போனாலும் அவங்க பொண்ணு வீடு, நாம மாப்பிள்ளை வீடு. அது மாறக்கூடாது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் விளக்கு இருந்தது.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் நீங்கள் லீவு வாங்கிப் பெட்டி கட்டிக்கொண்டு நின்றீர்கள். நான்தான் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தம்பிக்கு உங்கள்மேல் பழியைப் போட்டு எழுதினேன். மறுவீட்டுப் பழத்துக்குப் பயந்துதான் அத்தான். நீங்கள் காரணம் கேட்கவே இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நாளைக்குத் தோபாயோவில் மறுவீடு. சுந்தரி பழத்தட்டை யாரிடமும் தரப்போவதில்லையாம். வருகிற எல்லோருக்கும், ஆண் பெண் பாராமல் ஆளுக்கு ஒரு பழம் அவள் கையாலேயே கொடுக்கப் போகிறாள். எனக்கும் ஒன்றுதான், அழகப்பன் அண்ணனுக்கும் ஒன்றுதான். இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

மறுவீடு முடிந்ததும் புறப்படுகிறேன். அடுத்த உத்திரத்துக்கு நீங்கள் என்னோடு வர வேண்டும். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிட்டது. தம்பி நின்ற இடத்தில் நீங்கள் நின்று யானை எங்கே என்று கேட்க வேண்டும். நான் பக்கத்தில் விளக்கோடு நிற்பேன். பின்னால் பிள்ளை இருக்கிறதா, இல்லையா என்று இனிமேல் பார்க்க மாட்டேன். நாம் இரண்டு பேர் போதும் அத்தான், அதுவே ஒரு வீடுதான்.

உங்கள்,
பூவம்மா